இரும்புக்கு ஒரு கல், காபைட்டுக்கு ஒரு கல்

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் புதிய இடத்தில் குடிசை போட்டு அமர்ந்ததும், கைக்கு வரும் முதற்பொருட்களில் ஒரு மண்வெட்டியும் ஒரு கத்தியும் இருக்கும். நிவாரணமாகக் கிடைத்ததாக இருக்கலாம். உறவினர் வீட்டில் இரவல் வாங்கியதாக இருக்கலாம். பழைய வீட்டிலிருந்து தோளில் சுமந்து வந்ததாகவும் இருக்கலாம். அதை வைத்துத்தான் பற்றை வெட்டி, பாத்தி கட்டி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுகின்றோம். ஆனால் கல்லும் வேரும் நிறைந்த புதுநிலத்தில் ஒரு போகம் முடிவதற்குள் கருவியின் வாய் மழுங்கிப் போகின்றது. கருவி கொடுப்பவர்கள் உண்டு. கூர் கொடுப்பவர்கள் இல்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டியவர்கள், மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காகத் தலவாக்கலைப் பகுதியில் வீடு மாறியவர்கள், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் அனைத்தையும் இழந்தவர்கள் என எமது மக்கள் இடம்பெயர்ந்த காரணங்கள் பல. நிலம் போய்விட்டது. மாடும் விதையும் போய்விட்டன. எஞ்சியிருப்பது கையும் அந்தக் கை பிடிக்கும் கருவியும்தான். எனவே கருவியைக் கூராக வைத்திருக்கும் அறிவைச் சிறிய விடயமாக எண்ணிவிடக் கூடாது.

இன்று எமது வீடுகளில் வெறும் இரும்புக் கருவி மாத்திரம் இல்லை. சுவரில் துளையிடும் ட்றில் அலகு, தச்சரின் வட்ட வாள், புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு ஆகியவற்றின் நுனியில் காபைட் என்ற புது உலோகம் ஒட்டப்பட்டு வருகின்றது. இரும்பைத் தீட்டிய கல்லில் இதைத் தீட்ட முடியாது. தீட்ட முயன்றால் கல்லும் கெடும், கருவியும் கெடும். முறை தெரியாமல் தூசியைச் சுவாசித்தால் நெஞ்சும் கெடும். இரண்டையும் வீட்டிலேயே பாதுகாப்பாகச் சாணை பிடிப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

மழுங்கிய கத்திக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

கூர் என்பது என்ன? கத்தியின் இரு பக்கங்களும் சந்திக்கும் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர். நாம் கொடுக்கும் பலம் முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் விழுவதால் கத்தி இலகுவாக இறங்குகின்றது. கோடு உருண்டுபோனால் அதே பலம் அகலமான இடத்தில் பரவி வீணாகின்றது. அந்த வீண்பலத்தைத் தோளும் முதுகும் மணிக்கட்டுமே ஈடு செய்கின்றன. மழுங்கிய கத்திதான் வழுக்கிக் காலில் படும் கத்தி என்பதையும் வேலை செய்பவர்கள் அறிவார்கள்.

செடிக்கும் இதில் நட்டமுண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கிளை ஒரே வீச்சில் சரிவாக, வழுவழுப்பாக வெட்டுப்பட வேண்டும். மொட்டைக் கத்தி கிளையை வெட்டாமல் பிளக்கும். பிளந்த இடத்தில் மழைநீர் தங்கி மரம் உக்கத் தொடங்கும். கவ்வாத்து வெட்டிய செடி மறுபடியும் துளிர்த்துப் பல வருடங்கள் கொழுந்து தரவேண்டியது. ஒரு நாள் தீட்டாத கத்தியின் காயத்தை அது பல வருடம் சுமக்கும். வீட்டுத்தோட்டத்துக் கொய்யாவுக்கும் தோடைக்கும் இதே விதிதான்.

மலைச்சரிவில் பிறந்த உருக்கு

உருக்கும் கூரும் எமக்கு வெளியிலிருந்து வந்த அறிவல்ல. மத்திய மலைநாட்டின் தெற்கு ஓரத்தில், பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவ நீர்த்தேக்கம் உள்ளது. அந்த அணையைக் கட்டுவதற்கு முன்னர் நடந்த தொல்லியல் ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் வரிசை வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஜில் ஜுலெவ் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய அந்த உலைகளுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே உலையை ஊதியது. அதே வடிவில் உலை கட்டி 1994இல் உருக்கிப் பார்த்தபோது கரிச்சத்து மிகுந்த உருக்கும் கிடைத்தது. இந்த முடிவு 1996இல் ‘நேச்சர்’ என்ற உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் வெளியானது. இன்று அந்தச் சரிவுகளில் ஒரு பகுதி நீரின் கீழ் இருக்கின்றது.

அதே பலாங்கொடைப் பகுதியில் மண்மூசையில் உருக்குச் செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நினைவில் இருந்தது. கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராக இருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, முதிய தொழிலாளர் செய்துகாட்டிய அந்த முறையைப் பார்த்து, 1908இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்தார். சிறு மண்மூசையில் இரும்புத் துண்டும் ஆவாரை மரச் சிராயும் வைத்து மூடிப் பழுக்கச் சுடுவார்கள். மரத்தின் கரி இரும்பில் ஏறி அது உருக்காகும். தமிழ்நாட்டிலும் இதே ஆவாரையே இந்த வேலைக்குப் பயன்பட்டது.

இதில் எமக்குத் தேவையான உண்மை ஒன்று உண்டு. இரும்பைக் கருவியாக்குவது அதிலுள்ள கரியும், சூடாக்கிக் குளிர்விக்கும் பதமும்தான். ஆசாரி உலையில் கொடுத்த பதத்தைச் சாணைக்கல்லின் சூடு சில விநாடிகளில் எடுத்துவிடும். சாணை பிடிப்பவர் முதலில் கற்க வேண்டியது சூட்டைக் கட்டுப்படுத்துவதையே.

உலோகத்தை அறியுங்கள்

வீட்டுக்கு வரும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சாதாரண கரியுருக்கு. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, அரிவாள், கோடரி, உளி, பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தி எல்லாம் இந்த வகை. கூர் நன்றாக ஏறும், சூட்டுக்குப் பயந்தது.

இரண்டாவது, அதிவேக உருக்கு. கடைகளில் விற்கும் இரும்புத் துளையிடும் ட்றில் அலகுகளும் கடைசல் பட்டறையின் வெட்டுளிகளும் இதனால் ஆனவை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கப் பொறியியலாளர் டெய்லரும் வைற்றும் இந்த வகை உருக்கைக் காட்டினர். தங்ஸ்தன், குரோமியம் போன்றவை கலந்திருப்பதால் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடு வரையிலும் இது தன் கடினத்தை இழக்காது.

மூன்றாவது, காபைட். பெயரைக் கேட்டதும் பழம் பழுக்க வைக்கவும் வெல்டிங் வாயு எடுக்கவும் பாவிக்கும் கல் நினைவுக்கு வரலாம். அது கல்சியம் காபைட். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைக் கக்கும். நாம் பேசுவது தங்ஸ்தன் காபைட். தங்ஸ்தனும் கரியும் சேர்ந்த கடினமான தூளைக் கோபால்ட் உலோகத்துடன் அழுத்தி, ஏறத்தாழ 1400 பாகைச் சூட்டில் இறுகச் செய்கின்றார்கள். 1923இல் ஜேர்மனியில் இதற்கு உரிமம் பெறப்பட்டது. 1926இல் குறூப் கம்பனி ‘வைரத்தைப் போல’ என்ற பொருள்படும் ஜேர்மன் சொற்களைச் சுருக்கி ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் காபைட் கருவியை ‘விடியா’ என்றே அழைப்பார்கள்.

எது எந்த வகை என்று தெரியாவிட்டால் சாணைக்கல்லில் மெதுவாகத் தொட்டு நெருப்புப் பொறியைப் பாருங்கள். கரி மிகுந்த உருக்கு வெள்ளையாக, பூப்பூவாக வெடிக்கும் பொறியைத் தரும். கரி குறைந்த மெல்லிரும்பின் பொறி நீண்டு ஓடும், வெடிப்புக் குறைவு. அதிவேக உருக்கின் பொறி மங்கிய சிவப்பாக இருக்கும், பூப்பது அரிது. காபைட்டில் பொறி அநேகமாக இராது. காபைட்டை நிறையாலும் அறியலாம். அதே அளவு உருக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு பாரமானது. ட்றில் அலகின் நுனியில் வேறு நிறத் துண்டு ஒன்று பித்தளைக் கோட்டுடன் ஒட்டியிருந்தால் அது காபைட்.

கல்லை அறியுங்கள்

இரத்தினபுரியில் கிடைக்கும் நீலக்கல்லும் மாணிக்கமும் ஒரே கனிப்பொருள்தான். அதன் பெயர் குருந்தம். தமிழில் வழங்கிய இந்தச் சொல்லே ஆங்கிலத்திலும் ‘கொறண்டம்’ ஆகிவிட்டது. விலையுயர்ந்த நிறமில்லாத சாதாரண குருந்தத்தைத் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்து, பசையிட்டுச் சுட்டதுதான் கடைகளில் விற்கும் சாம்பல் நிறச் சாணைக்கல். வெள்ளை நிறக் கல்லும் இதே இனம், இன்னும் தூய்மையானது. உருக்குக் கருவிகளுக்கு உரியவை இவை இரண்டுமே. அதிவேக உருக்குக்கு வெள்ளைக்கல் விசேடமானது.

காபைட்டோ குருந்தத்துக்கு ஒப்பான கடினம் உடையது. ஒரே கடினமுள்ள இரண்டும் உரசினால் வெட்டு விழாது. சூடு மாத்திரமே மிஞ்சும். சாம்பல் கல்லில் காபைட்டை அழுத்தினால் கல்லின் முகம் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்குவது இதனால்தான். காபைட்டுக்கு வேண்டியது குருந்தத்தைவிடக் கடினமான சிலிக்கன் காபைட். 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் இதைச் செய்து ‘காபொறண்டம்’ என்று பெயரிட்டார். அப்பெயரின் பின்பாதியில் எமது குருந்தம் ஒளிந்திருக்கின்றது. 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பனிகளுடன் கூட்டாகத் தொடங்கிய காபொறண்டம் யுனிவர்சல் நிறுவனம் இவ்வகைக் கற்களைச் செய்து வருகின்றது. காபைட்டுக்கான சிலிக்கன் காபைட் கல் பச்சை நிறத்தில் வரும். எனவே நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: உருக்குக்குச் சாம்பல் அல்லது வெள்ளை, காபைட்டுக்குப் பச்சை.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது வைரம். வைரத்தூள் பதித்த சில்லும் கையால் உரசும் சிறு தகடும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. காபைட்டுக்கு இதுவே மிகச் சிறந்தது. ஆனால் வேகமாகச் சுற்றும் வைரச் சில்லில் உருக்கைத் தீட்டாதீர்கள். வைரம் வெறும் கரிதான். சூடான இரும்பு கரியைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால் சில்லு விரைவில் தேய்ந்துபோகும்.

கல்லின் மேலுள்ள இலக்கத்தையும் பாருங்கள். 36, 46 என்றால் பருமணி. உடைந்த வாயைச் சீர்செய்ய உதவும். 60, 80 நடுத்தரம். 120க்கு மேல் நுண்மணி. இறுதிக் கூருக்கு உரியது.

உருக்குக் கருவியைத் தீட்டும் முறை

மண்வெட்டிக்கும் முள்ளுக்கும் மின்சாரக் கல் தேவையில்லை. ஒரு நல்ல தட்டை அரம் போதும். கருவியை மரக்கட்டையில் அசையாமல் இறுக்கி, உட்பக்கத்தில் மாத்திரம் அராவுங்கள். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். இல்லையேல் அரத்தின் பல் மழுங்கும்.

சாய்வை அளக்கக் கடதாசி ஒன்றே போதும். கடதாசியின் மூலை 90 பாகை. அதை ஒரு தடவை மடித்தால் 45. மறுபடியும் மடித்தால் ஏறத்தாழ 22. மண்வெட்டிக்கு 45க்குச் சற்றுக் குறைவான சாய்வு பொருந்தும். கவ்வாத்துக் கத்திக்கும் வீட்டுக் கத்திக்கும் ஒவ்வொரு பக்கமும் 22 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வையுங்கள். சாய்வு குறையக் கூர் கூடும். ஆனால் வாய் விரைவில் உடையும். கல்நிலத்துக்கும் காய்ந்த கிளைக்கும் சற்றுக் கூடிய சாய்வே நல்லது.

மின்சாரக் கல்லில் கத்தியைத் தீட்டும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். கத்தியை அழுத்தாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல், கல்லின் முகம் முழுவதும் இடமும் வலமும் நகர்த்துங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தடவை தண்ணீரில் தோயுங்கள். கையுறை இல்லாத விரலால் தாங்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். வாயில் தோன்றும் நிறம் சூட்டைச் சொல்லும். வைக்கோல் மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 முதல் 230 பாகை. கபிலம் 260 அளவு. நீலம் 300 அளவு. நீலம் கண்டால் அந்த இடத்தில் ஆசாரி கொடுத்த பதம் போய்விட்டது. கூர் ஏறினாலும் ஒரு நாள் நிற்காது. நீலம் பட்ட பகுதியை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நீலம் ஆழமாக இறங்கியிருந்தால் கருவியை மறுபடியும் உலையில் வைத்துப் பதம் கொடுக்க வேண்டும்.

கல்லில் தீட்டியபின் வாயின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். வாய் முழுவதும் கல் பட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதைக் கைக்கல்லில் இருபக்கமும் மெதுவாக உரசி எடுத்துவிடுங்கள். பிசிறுடன் விட்ட கத்தி முதல் நாலு வெட்டில் கூராக இருந்து பின் மழுங்கும்.

ட்றில் அலகின் நுனி பொதுவாக 118 பாகை. அதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. ஆறு பக்கமுள்ள ஒரே அளவான இரண்டு நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். இடையில் தோன்றும் பள்ளம் 120 பாகை. அலகின் நுனி அதில் பொருந்தினால் வேலைக்குப் போதுமானது. இரு உதடுகளும் ஒரே நீளமாக இருப்பது முக்கியம். இல்லையேல் துளை பெருத்துப்போகும். வெட்டும் உதட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி 8 முதல் 12 பாகை வரை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்வில்லாத அலகு இரும்பைத் தேய்க்குமே தவிர வெட்டாது. அதிவேக உருக்கில் நீலம் தோன்றினால் பயப்பட வேண்டாம். ஆனால் சிவக்கச் சுட்டதைத் திடீரெனத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

காபைட்டைத் தீட்டும் முறை

காபைட்டுக்கு விதி தலைகீழானது. சூடான காபைட்டைத் தண்ணீரில் தோய்க்கவே கூடாது. அது கடினமானது, அதேவேளை கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. திடீர்க் குளிர் பட்டால் வெடிக்கும். காற்றில் தானாக ஆற விடுங்கள். தண்ணீர் விட்டுத்தான் தீட்ட வேண்டுமென்றால் தொடக்கம் முதல் முடிவு வரை இடைவிடாது ஊற்ற வேண்டும். விட்டுவிட்டு ஊற்றுவதே கேடு.

முதலில் காபைட் துண்டின் கீழுள்ள உருக்கைச் சாம்பல் கல்லில் சற்று ஒதுக்குங்கள். பின்னர் பச்சைக்கல்லில் காபைட்டை மாத்திரம் தொடுங்கள். பச்சைக்கல் மென்மையாகக் கரைந்து எப்போதும் புதுமணியைக் காட்டும்படி செய்யப்பட்டது. அதில் உருக்கைத் தீட்டினால் கல் வீணாகக் கரையும். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். கல் கருவியின் வாயை நோக்கி ஓட வேண்டும். வாயிலிருந்து வெளியே ஓடினால் விளிம்பு பொரியும். சூடு கூடினால் துண்டை ஒட்டியிருக்கும் பித்தளை உருகித் துண்டே கழன்று விழும்.

சுவரில் துளையிடும் அலகை இப்படிச் சில தடவைகள் மீட்டெடுக்கலாம். வட்ட வாளின் பற்களைச் சுற்றும் கல்லில் வைக்காதீர்கள். சிறு வைரத் தகட்டால் ஒவ்வொரு பல்லின் முகத்தையும் ஒரே எண்ணிக்கையில், உதாரணமாக ஐந்து ஐந்து தடவை, உரசுங்கள். எண்ணிக்கை பிசகினால் பற்கள் ஏற்றத்தாழ்வாகி வாள் நடுங்கும். பல் ஒன்று கழன்ற வாளையோ வெடிப்பு விழுந்த புல்வெட்டுத் தகட்டையோ தீட்டிப் பாவிக்கக் கூடாது. வேகமாகச் சுற்றும்போது பறக்கும் துண்டு உயிரையும் எடுக்கும்.

தூசி: கண்ணுக்குத் தெரியாத கடன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் கத்திக்கும் கத்தரிக்கும் உலகப் புகழ் பெற்றிருந்தது. அங்கு உலர்ந்த மணற்கல்லில் சாணை பிடித்தோர் பலர் நாற்பது வயதை எட்டுமுன்னரே நுரையீரல் நோயால் இறந்தனர். இன்றைய செயற்கைக் கல்லில் மணற்கல்லின் ஆபத்து இல்லை. ஆனால் காபைட் தூசியில் வேறோர் ஆபத்து உண்டு. அதிலுள்ள கோபால்ட்டும் தங்ஸ்தன் காபைட்டும் சேர்ந்து நுரையீரலைத் தழும்பாக்கும் நோயைத் தரவல்லன. 1940இல் ஜேர்மன் தொழிலாளரிடையே இது முதலில் விபரிக்கப்பட்டது. வறட்டு இருமல், மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். 2006இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், இவ்விரண்டும் சேர்ந்த தூசி பெரும்பாலும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என்று வகைப்படுத்தியது.

லயத்துக் காம்பராவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ வாழும் எமக்கு இது கூடுதல் கவனம் வேண்டிய விடயம். ஒரே அறையில் சமைத்து, உண்டு, குழந்தையையும் தூங்கவைக்கும் வீட்டினுள் காபைட்டைத் தீட்டாதீர்கள். இஸ்தோப்பிலும் வேண்டாம், தூசி உள்ளே வரும். வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டை விட்டு விலகி வீசும் பக்கத்தில் வேலையை வையுங்கள். சேலைத் தலைப்போ கைலேஞ்சியோ இந்த நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் அணியுங்கள். தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைக் குழந்தைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கையும் முகமும் கழுவிய பின்னரே சாப்பிடுங்கள். வைத்தியரிடம் இருமலுக்குப் போனால் இந்தத் தொழில் செய்வதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கல் வெடிக்காமல் இருக்க

சாதாரண மின்சாரக் கல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2850 தடவை சுற்றும். ஆறங்குலக் கல்லின் விளிம்பு அப்போது விநாடிக்கு 22 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. வெடித்த கல்லின் துண்டும் அதே வேகத்தில் பறக்கும். எனவே பின்வருவனவற்றைத் தவறாது கடைப்பிடியுங்கள்.

புதுக் கல்லைப் பூட்டுமுன் துளையில் விரலையோ குச்சியையோ நுழைத்துத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் வெடிப்பு உண்டு, எறிந்துவிடுங்கள்.

கல்லில் எழுதியுள்ள வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

கருவி தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. இடைவெளி கூடினால் கருவி உள்ளே இழுபட்டுக் கல் உடையும்.

ஆளி போட்டதும் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நில்லாமல் பக்கமாக நில்லுங்கள்.

கண்ணாடிக் கவசம் எப்போதும் வேண்டும். கையுறை, தொங்கும் சால்வை, அவிழ்ந்த கூந்தல் வேண்டாம், கல் இழுத்துக்கொள்ளும்.

தட்டைக் கல்லின் பக்கவாட்டில் தீட்டாதீர்கள். அலுமினியம், பித்தளை, மரம் ஆகியவற்றை அதில் வைக்காதீர்கள். அவை மணிகளுக்கு இடையில் அடைத்துக் கல்லைச் சூடாக்கும்.

பழைய லயங்களில் மின்கம்பி இளைத்துப்போயிருக்கும். மின் கசிவைத் துண்டிக்கும் ஆளி இல்லாத வீட்டில், ஈரக்கையோடு மின்சாரக் கல்லைத் தொடுவது ஆபத்து. மின்சாரம் இல்லாத இடத்தில் கையால் சுற்றும் கல்லே நல்லது. அதன் வேகம் குறைவு என்பதால் கத்தியின் பதமும் எளிதில் போகாது.

கூர் கொடுத்துக் கூலி பெற

மலையகத்தில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. ஜோன் வாக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1854இல் கண்டியில் பட்டறை தொடங்கியது கோப்பித் தோட்டங்களின் இயந்திரங்களுக்காகவே. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது பட்டறைகளும் தேயிலைக்கு மாறின. பயிர் மாறினாலும் கருவியைப் பழுதுபார்க்கும் கைக்கு வேலை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் மக்கேர்ச்சர் என்பவர் உருவாக்கிய சி.ரி.சி. இயந்திரம் இதற்கு இன்னோர் உதாரணம். அதிலுள்ள துருப்பிடிக்காத உருக்கு உருளைகளின் நுண்ணிய பற்கள் கொழுந்தை நசுக்கி வெட்டுகின்றன. பல் மழுங்கினால் கொழுந்து வெட்டுப்படாமல் அரைபட்டுச் சூடேறும். தேயிலையின் தரம் விழும். எனவே உருளைகளை அடிக்கடி கழற்றிப் பல்லைக் கூராக்க வேண்டும். இலங்கையில் பழைய முறைத் தேயிலையே பெரும்பான்மை. ஆனால் 1964 ஒப்பந்தத்தின் பின் எமது உறவுகள் பலர் குடியேறிய நீலகிரியில் சி.ரி.சி. தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பல் கூராக்கும் பட்டறைகளும் அவற்றை நம்பியே நடக்கின்றன.

எமது கிராமங்களில் பெரிய பட்டறை உடனே முடியாது. ஆனால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தொடங்கலாம். முதலில் ஒரு அரமும் இருபக்கக் கைக்கல்லும் வாங்கி, அயலவரின் மண்வெட்டியையும் கத்தியையும் தீட்டிக் கொடுங்கள். கை பழகிய பின் ஒரு மின்சாரக் கல். ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் பச்சை. தச்சர், மேசன், புல்வெட்டுபவர் ஆகியோரின் காபைட் வேலை அதன் பின்னரே. ஒரு கொப்பியில் கல், முகக்கவசம், மின்சாரம் ஆகியவற்றின் செலவையும் வரவையும் எழுதுங்கள். புது அலகு ஒன்றின் கடைவிலையைக் கேட்டு, அதைவிட நன்கு குறைவாகக் கூலியை வையுங்கள். அப்போதுதான் வாடிக்கையாளர் எறியாமல் கொண்டுவருவார். பெண்கள் குழுக்களும் இதைச் செய்யலாம். இந்த வேலைக்கு உடல் பலத்தைவிடப் பொறுமையும் நிதானமான கையுமே வேண்டும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர், யுவதிகள் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் பிரதேச அலுவலகத்தை அணுகிப் பொருத்துநர், கடைசல் பயிற்சிகள் பற்றி விசாரிக்கலாம். ஏற்கனவே வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. இடப்பெயர்வில் பாடசாலைப் படிப்பு இடையில் நின்றுபோன எத்தனையோ பேர் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களது கைத்திறனைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் இருக்கின்றது. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று கேட்டால் அலுவலர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் முற்றத்தில் பரப்புங்கள். உருக்கு எது, காபைட் எது என்று பிரியுங்கள். மண்வெட்டியில் அரத்தை வைத்துத் தொடங்குங்கள். பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கட்டும். கடதாசியை மடித்துச் சாய்வு அளக்கவும் பொறியின் நிறத்தைச் சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அடுத்த போகத்துக்கு நிலத்தில் இறங்கும்போது அதன் பலனை உங்கள் தோள் உணரும்.